பக்கத்து இருக்கை

இது ஒரு பயணக் கட்டுரை. ஒரு கணவனும் மனைவியும் ஜெர்மனியில் ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்த கதை. பாளையங்கோட்டையில் 2025 ஜூலை 27 அன்று கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட துயரம் ஆறாத நேரத்தில் இதை எழுதுவது சில தோழர்களுக்கு உறுத்தலாம். "இப்போது இதுவா முக்கியம்?" என்று கேட்கலாம். கேளுங்கள். படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் ஊர் அக்காள்மடம். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துச் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் ஊர். அக்காள், தங்கை என்று இரண்டு பெண்களின் நினைவாக யாத்ரீகர்கள் தங்குவதற்குக் கட்டிய மடங்கள் என்று கதை சொல்வார்கள். அந்த மடங்களின் திண்ணையில் எங்கள் பாட்டன் எவனாவது படுத்து எழுந்தானா என்பதை அந்தக் கதை சொல்வதில்லை. என் அம்மா மல்லிகைப் பதியன் போடும் தோட்டங்களில் கூலி. எங்கள் பக்கத்து மல்லிகை நாற்று எங்கெங்கோ போய்ப் பூக்கும். பதியன் போட்டவள் மதுரையைத் தாண்டியதில்லை.

ரயில் எங்களுக்குப் புதிதல்ல. என் தாத்தா மண்டபம் கேம்ப் வழியாகச் சிலோன் தோட்டத்துக்குப் போனவர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதுதான் போட் மெயில். காசு இருந்தவர்கள் அதில் நேராகப் போனார்கள். கூலிகளை மண்டபத்தில் இறக்கி, உடம்பைச் சோதித்து, அடைத்துவைத்துப் பிறகு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் தோழர்களும் விடாமல் போராடி 1941-ல்தான் அந்தப் பலகைகள் இறங்கின. ஆக, நாங்களும் ரயிலில் போனவர்கள்தான். கூலிக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, மாநாட்டுக்குப் போனோம். சுற்றிப் பார்ப்பதற்கு என்று எங்கள் குடும்பத்தில் யாரும் டிக்கெட் எடுத்ததில்லை.

1994-ல் நான் எடுத்த ஒரு டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் என் இணையரும் அறிவொளி இயக்கத்தில் தொண்டர்களாகச் சந்தித்தவர்கள். அவருடைய ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். வேறு சாதி. எந்தச் சாதி என்று எழுதப்போவதில்லை, எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். விஷயம் வெளியே தெரிந்ததும் அவர் வீட்டில் அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒரு சாயங்காலம் நான் பாம்பனில் சென்னை ரயிலில் ஏறினேன். அவர் பரமக்குடியில் ஏற வேண்டும் என்று ஏற்பாடு.

பரமக்குடி எங்களுக்கு வெறும் ஸ்டேஷன் அல்ல. 1957 செப்டம்பர் 10 அன்று கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவர் எல்லோருக்கும் சமமாக உட்கார்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். உட்காருவதுகூட ஒரு குற்றமாக இருந்த மண்.

அன்றைக்கு அவர் தாவணித் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு மூன்று பெட்டி தள்ளி ஏறினார். நான் ஜன்னல் வழியாக ஒரு கணம் பார்த்தேன், அவ்வளவுதான். மானாமதுரை, சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது ஏறி அவரை இழுத்துப் போகிறார்களா என்று எட்டிப் பார்த்தபடியே போனேன். திருச்சியில் நள்ளிரவுக்கு மேல் இறங்கி அவர் பெட்டிக்கு ஓடினேன். அப்போதும் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் இருக்கையில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்னையில் தோழர்கள் சுயமரியாதைத் திருமணம் செய்துவைத்தார்கள். இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தால் 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். அந்த 30 நாளில் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவில் அந்தக் காத்திருப்பு இல்லை. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் திருமணம் செல்லும். நாங்கள் உயிரோடு இருப்பதில் அந்தச் சட்டத்திருத்தத்துக்குப் பங்கு உண்டு.

சில வருடம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். அவர் தங்கச்சிமடத்தில் தையல் கடை போட்டார். மகள் பிறந்தாள். அவர் வீட்டார் வரவில்லை, மிரட்டலும் நாளடைவில் ஓய்ந்தது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. ரயிலிலோ பஸ்ஸிலோ போனால், ராமநாதபுரத்திலிருந்து மானாமதுரை தாண்டும் வரை நாங்கள் தள்ளித்தான் உட்காருவோம். பேசி வைத்துக்கொண்டதில்லை. தானாக நடக்கும். 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் இளவரசன் உடல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே கோகுல்ராஜ் உடலும் தண்டவாளத்தில்தான் கிடந்தது. அதன் பிறகு அவர் ரயிலில் ஜன்னலோரம் உட்காருவதையே விட்டுவிட்டார். கீழே ஓடும் தண்டவாளத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார்.

இனி ஜெர்மனிக்கு வருகிறேன்.

மகள் 2023-ல் டார்ட்முண்டுக்கு முதுகலை படிக்கப் போனாள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அந்த வருடம் அது 11,208 யூரோ, நம் காசுக்குச் சுமார் 10 லட்சம். எங்கள் தெருவில் 10 லட்சம் என்பது ஒரு வீடு. வங்கிக் கடனும் தோழர்கள் கைமாற்றாகத் தந்ததும் சேர்ந்துதான் அவளை அனுப்பின. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் வந்திருக்கிறது. தகுதியுள்ள மாணவர்கள் தேடிப் பிடித்து விண்ணப்பியுங்கள். உங்களுக்கான பணம் செலவாகாமல் திரும்பிப் போகக் கூடாது.

2024-ல் "ரெண்டு பேரும் ஒருதடவ வந்துட்டுப் போங்கப்பா" என்று ஒரே பிடிவாதம். இணையரின் எல்.ஐ.சி. பாலிசி ஒன்று முதிர்ந்தது. அதை மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்திருந்தார். மகளே, "என் கல்யாணத்த நான் பாத்துக்கிறேன், நீங்க விமானம் ஏறுங்க" என்றாள்.

விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். எத்தனையோ வருடம் அரிசி டிரம்முக்குள் பாலிதீன் சுற்றி ஒளித்து வைத்திருந்த காகிதம் அது. சென்னை கவுன்டரில் இருந்த பெண் அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, நகலில் முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். வெளியே வந்ததும் இணையர், "அவ்வளவுதானா?" என்றார். பாபாசாகேப் தன் தீண்டாமை அனுபவங்களை எழுதிய சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். 1901-ல், சிறுவனாக, அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். நல்ல உடை போட்ட பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகர்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. எந்த வண்டிக்காரனும் ஏற்றமாட்டேன் என்கிறான். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறான்: வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். எங்கள் பயணம் முழுக்க அந்த ஸ்டேஷன் மாஸ்டர் முகம் என்னோடு வந்தது.

பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். எனவே ராமநாதபுரம் வரை பஸ், பிறகுதான் ரயில். வழக்கம்போல் பரமக்குடி தாண்டும் வரை நான் ஒரு வரிசை தள்ளி இருந்தேன்.

டுசல்டார்ஃப் விமான நிலையத்திலிருந்து டார்ட்முண்டுக்கு ரயில். பெட்டிகளை ஏற்றினோம். முன்பதிவு இல்லாத வண்டி, யாரும் எங்கும் உட்காரலாம். மகளும் இணையரும் ஓர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். எதிரே இரண்டு இடம் காலியாக இருந்தது. நான் அதை விட்டு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தேன். பெட்டியில் மொத்தம் பத்துப் பேர்கூட இல்லை. மகள் எழுந்து வந்தாள்.

"ஏம்ப்பா இங்க வந்து உக்காந்துருக்கீங்க?"

என்ன சொல்வது? சின்ன வயதிலிருந்தே அவள் பார்த்ததுதான். அப்பா ஆம்பளைகள் பக்கம் உட்காருகிறார் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறோம், 1994-ஐயும்தான். இதை மட்டும் சொன்னதில்லை. பழக்கம் என்று நாங்களே நினைத்துவிட்டதால் சொல்லத் தோன்றவில்லை. அன்று ரயிலிலேயே சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஜூன் மாதம் முழுக்க எங்களிடம் இருந்தது 49 யூரோ மாதச் சீட்டு. நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. (2025-ல் 58 யூரோ ஆக்கினார்கள். 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள், ஜாக்கிரதை.) ஸ்டேஷனில் தடுப்புக் கதவு கிடையாது. நேராக நடந்துபோய் ஏறலாம். பரிசோதகர் வந்தால் போனைக் காட்ட வேண்டும். ஜெர்மன் ரயில் நிமிடம் தவறாது என்பதெல்லாம் கட்டுக்கதை. நம் பாசஞ்சரைப் போலவே சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். இணையருக்கு அதில் ஒரு நிம்மதி. "இவனுகளும் மனுசங்கதான்" என்றார்.

முதலில் கொலோன் போனோம். ரைன் நதிமேல் ஹோகன்சொல்லர்ன் பாலத்தைக் கடந்து ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே 157 மீட்டர் உயரத்துக்குக் கருத்த தேவாலயம் தலைக்கு மேல் நிற்கிறது. 1248-ல் தொடங்கி 1880-ல் கட்டி முடித்தார்களாம். இணையருக்குத் தேவாலயத்தைவிடப் பாலம்தான் பிடித்தது. 1911-ல் திறந்தது, நம் பாம்பன் பாலத்துக்கு மூன்று வயது மூத்தது. ரயில் ஓடும் பக்கத்திலேயே நடைபாதை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள். காதலர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்துப் பூட்டிவிட்டு, சாவியை ஆற்றில் எறிந்துவிடுகிறார்கள். கம்பியே தெரியாத அளவுக்குப் பூட்டு. இணையர் ஒவ்வொன்றாகக் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். துருக்கிப் பெயரோடு சேர்ந்த ஜெர்மன் பெயர், இரண்டு ஆண்களின் பெயர்கள், தமிழ்ப் பெயர்போல ஒன்று.

தண்டவாளத்தை ஒட்டி இத்தனை ஜோடிகளின் பெயர்கள். எனக்கு உடனே தருமபுரியும் பள்ளிபாளையமும் நினைவுக்கு வந்தன. வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் வந்திருக்கும்.

"தோழர், நம்ம பேர்ல ஒண்ணு மாட்டுவமா?" என்றார். அறிவொளிக் காலத்திலிருந்தே அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பெட்டிப் பூட்டு கைப்பையில் இருந்தது. மகளிடம் பேனா வாங்கித் தமிழில் எங்கள் இரண்டு பெயரையும் எழுதினார். ரேஷன் கார்டையும் சான்றிதழையும் தவிர, எங்கள் பெயர்கள் சேர்ந்து வெளியே தெரிய எழுதப்பட்டது அன்றுதான். சாவியை ஆற்றில் போடவில்லை. "பெறகு பெட்டிக்கு வேணும்ல" என்று பையில் வைத்துக்கொண்டார். பூட்டே அங்கே தொங்கும்போது சாவி எதற்கு என்று மகள் சிரித்தாள்.

அதே ஊரில்தான் தெருவோரத்துப் பித்தளைக் கற்களை முதலில் பார்த்தோம். கையகலச் சதுரம், நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கும். அதன் கீழே பெயர், பிறந்த ஆண்டு, எப்போது பிடித்துப் போனார்கள், எங்கே கொன்றார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் தொடங்கிய வேலை. ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெயரைப் படிக்கக் குனிய வேண்டும். கொலையான மனிதர் முன்னால் எல்லோரும் தலைகுனிகிறார்கள். பரமக்குடியில் இமானுவேல் நினைவு நாளுக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் தடையுத்தரவு போட்டு, எந்த ஊர்க்காரர்கள் எந்த வண்டியில் எந்த வழியாக வர வேண்டும் என்று காவல்துறை முடிவு செய்கிறது. 2011-ல் அந்த நாளில் துப்பாக்கிச் சூடே நடந்து உயிர்கள் போயின.

பான் நகரம் அங்கிருந்து அரை மணி நேரம். பீத்தோவன் பிறந்த வீட்டைப் பார்க்க வரிசை நின்றது. நாங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். மஞ்சள் நிறத்தில் நீளமான பழைய அரண்மனை, முன்னால் பெரிய புல்வெளி. 1921-ல் லண்டனில் படித்துக்கொண்டே பாபாசாகேப் இங்கேயும் பதிவு செய்தார். ஜெர்மன் தெரியும் அவருக்கு. ஆனால் இங்கே படிப்பைத் தொடர முடியவில்லை. கையில் காசில்லாமல், சாப்பாட்டைக் குறைத்து லண்டனில் படித்த நாட்கள் அவை. புல்வெளியில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார்கள். மகள் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து ஏதோ பாட வேலை செய்தாள். அவர் முடிக்க முடியாமல் போன நாட்டில் எங்கள் தெருப் பிள்ளை படிக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இணையர் பையிலிருந்து புளிச்சோற்றை எடுத்தார்.

ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று இணையர் ஆசைப்பட்டார். எனக்குக் கோயிலில் வேலையில்லை என்றாலும் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் 2002-ல் எழுப்பிய கோபுரம் என்பதால் போனேன். கோயிலைவிட, போகும் ரயிலில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். எதிரே தமிழ்க் குடும்பம் ஒன்று, கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். தமிழ்ச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்து பேசினார். பிஸ்கட் கொடுத்தார். எந்த ஊர் என்றார். ராமநாதபுரம் என்றேன். "அடடே, ராம்நாட்ல எங்க?" என்றார். அக்காள்மடம் என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு இணையரிடம் திரும்பி, "உங்க பொறந்த ஊரும் அதானாம்மா?" என்றார். இணையர் யோசிக்காமல் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். "அப்படியா! அங்க நம்மாளுகதான நெறைய..." என்று தொடங்கியவர், என்னைப் பார்த்தார். திரும்ப அவரைப் பார்த்தார். கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது. பேச்சு சுருங்கி, பிறகு போனுக்குள் போய்விட்டது.

மசூர் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவிலும் ஒரு கிளை இருக்கிறது என்பேன்.

இறங்கும்போது இணையர் அவரிடம் நின்று, "தம்பி, இப்ப எங்களுக்கு ஊரு டார்ட்முண்டு. மக வீடு அங்கதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளைக்காரன் நாடு சொர்க்கம் என்று எழுதவில்லை. இன்னொரு ரயிலில் சீருடை போட்ட இருவர் ஏறி, பெட்டி நிறைய ஆள் இருக்க, எங்களிடமும் ஓர் ஆப்பிரிக்க இளைஞனிடமும் மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள். அந்த ஜூன் 9 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். வெளிநாட்டவரை வெளியேற்று என்று பேசும் கட்சி ஜெர்மனியில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. மகள் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

பெர்லினுக்கு நாலைந்து ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். சுவர், பிராண்டன்பர்க் வாசல், நாடாளுமன்றம் எல்லாம் பார்த்தோம், அவற்றை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல விரும்புவது க்ரூன்வால்ட் ஸ்டேஷனின் 17-வது தடம். ஊருக்கு மேற்கே, காட்டோரத்தில், மர நிழலில் இருக்கும் சின்ன ஸ்டேஷன். இங்கிருந்து 1941 அக்டோபரில் யூதர்களை ஏற்றிக்கொண்டு முதல் வண்டி போனது. பெர்லினிலிருந்து மொத்தம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி அனுப்பினார்கள். பிளாட்பார ஓரத்தில் 186 இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எங்கிருந்து எங்கே என்று மட்டும் இருக்கிறது. அன்றைய ரயில்வே அவர்களைச் சும்மா ஏற்றவில்லை. தலைக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்குப் போட்டு அரசிடம் வாங்கியது. சிறு பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். 1998-ல் இந்த நினைவிடத்தை அமைத்தது அதே ரயில்வேயின் வாரிசான நிறுவனம். அந்தத் தடத்தில் இனி வண்டி போகாது. தண்டவாளத்துக்கு நடுவே மரம் முளைத்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இணையர் அந்தத் தகடுகள்மேல் கால் படாமல் ஓரமாகவே நடந்தார். பாதியில் நின்று தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார். ஒன்பது வருடமாக அவர் பார்க்க மறுத்த காட்சி. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

நூரம்பெர்க் கடைசி. ஜெர்மனியின் முதல் பயணிகள் ரயில் 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்துதான் பக்கத்து ஃப்யூர்த்துக்கு ஓடியது. ரயில் அருங்காட்சியகத்தில் அதை விலாவாரியாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1935 செப்டம்பர் 15 அன்று, இதே ஊரில் நாஜிகள் சட்டம் போட்டார்கள்: யூதரும் ஜெர்மானியரும் மணந்துகொள்ளக் கூடாது, உறவும் கூடாது. அந்தச் சட்டத்தை விளக்க அச்சிட்ட வரைபடம் ஒன்றைக் காட்சியில் பார்த்தோம். தாத்தா பாட்டி நால்வருக்கு நாலு வட்டம். கறுப்பு எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணி, யார் யாரைக் கட்டலாம், கட்டக் கூடாது என்று முடிவு. இணையர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜாதகக் கட்டம் மாதிரியே இருக்கு" என்றார்.

ஒன்றை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. சாதியும் நாஜி இனவெறியும் ஒன்றல்ல. அங்கே சட்டமே ஜோடிகளைக் குற்றவாளியாக்கியது. அந்தச் சட்டம் பத்து வருடத்தில் தோற்றது, எழுதியவர்களும் தோற்றார்கள். இங்கே சட்டம் எங்களைச் சேர்த்துவைக்கிறது. கொல்வது வீடும் தெருவும். வீட்டையும் தெருவையும் யாரும் போரில் தோற்கடிக்கவில்லை. நூரம்பெர்க் சட்டம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. நம் ஊர்க் கட்டம் மேட்ரிமோனி செயலியில் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்று வழிகாட்டியது. ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று நாம் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1994-ல் எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: ஓடிவந்து ஏறிய ரயிலை விட்டு இறங்கினால் போய் நிற்க, அரசு நடத்தும் ஒரு வீடு.

திரும்பும்போது நூரம்பெர்க்கிலிருந்து டார்ட்முண்டு வர ஒரு பகல் முழுக்க ஆனது. வுர்ட்ஸ்பர்க் தாண்டியதும் வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. இணையர் ஜன்னலோரம். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். பார்த்தால் தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்திருந்தது. கல்யாணமாகி 30 வருடத்தில் ரயிலில் இது முதல் தடவை. பரிசோதகர் வந்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவரும் தலையசைத்து, என் போனை மட்டும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்தார். தோள் மரத்துப்போனது. ஒன்றரை மணி நேரம் நான் அசையவில்லை.

இது நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் பாம்பனில் புதுப் பாலம், எங்கள் தீவுக்கு ரயில் திரும்ப வந்துவிட்டது. கவின் கொல்லப்பட்ட பிறகு நாங்கள் இருவரும் நெல்லைக்குப் போய்விட்டு, மதுரையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தோம். மானாமதுரை தாண்டியதும் நான் என்னையறியாமல் எழுந்தேன். எதிர் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. இணையர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க தோழர்."

உட்கார்ந்தேன். பரமக்குடியில் வண்டி நின்றது. இளைஞர்கள் நாலைந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு ஏறினார்கள். ஒருவன் எங்களைப் பார்த்தான், அல்லது எங்களுக்குப் பின்னால் யாரையோ பார்த்தான். என் உள்ளங்கை வேர்த்தது. இணையர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டீக்காரரைக் கூப்பிட்டார். எத்தனைம்மா என்றார் அவர்.

"ரெண்டு."

வண்டி கிளம்ப இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.